கெங்கம்மாவும் முந்நூறு வாத்தும்

போர்வைய நல்லா இழுத்துக்கிட்டியா? ம் கொட்டணும், தெரியும்ல? நீ நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தா. இரு இரு, தப்பா சொல்லிட்டேன். ஒரு ஊர்லன்னு சொல்ல முடியாது. அவளுக்கு இன்னைக்கு ஒரு ஊரு, அடுத்த வாரம் இன்னொரு ஊரு. சொந்த ஊரு எங்கயோ வடக்க இருந்துச்சு. அங்க ஒரு வீடு, அதுல ஒரு பூட்டு. அவ்வளவுதான். அவ பேரு கெங்கம்மா. அவகிட்ட முந்நூறு வாத்து.

அறுப்பு முடிஞ்ச வயல்ல நெல்லு சிந்திக் கெடக்கும், நத்தை கெடக்கும், புழு பூச்சி கெடக்கும். அதத் தின்னுறதுக்குத்தான் வாத்து ஓட்டிக்கிட்டு வருவாங்க. இந்த வயல் முடிஞ்சா அந்த வயல். காலையில வாத்தெல்லாம் வரப்பு மேல பக்பக் பக்பக்குன்னு வரிசையா போகும். சாயங்காலம் மேடா ஒரு எடம் பாத்து, நாலு கம்பு நட்டு, சுத்தி வலைய கட்டி உள்ள விட்டுடுவா. அதுக்குப் பேருதான் கெட. அப்புறம் மூணு கல்லு வச்சு சோறு வடிப்பா. விடியக்காலம் எழுந்து முட்டை பொறுக்குவா. வாத்த கூப்பிடணும்னா, "பா... பா... பா..." அப்படின்னு ஒரு கொரலு குடுப்பா. எங்க இருந்தாலும் முந்நூறும் கழுத்த நீட்டிக்கிட்டு ஓடி வரும்.

முன்னெல்லாம் அவ புருசன் எத்திராசு முன்னால போவான், நடுவுல வாத்து, பின்னால இவ. எத்திராசு மஞ்சக்காமாலை வந்து செத்துப் போயி ரெண்டு வருசமாச்சு. இப்ப பின்னால இவ மட்டும்தான். முன்னால வெறும் வரப்பு.

ம்.

மகன் ஒருத்தன் இருந்தான், லோகு. ஓசூர்ல கம்பெனி வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்.

"வாத்த வித்துட்டு வந்துடும்மா."

"வந்து?"

"வந்து... இங்க இரு."

"உங்க ரூமுல ஆறு பேரு படுக்குறீங்கடா. நான் எங்க படுக்குறது?"

அப்புறம் "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சுடுவாங்க.

ஊர்க்காரங்க யாரும் அவகிட்ட பெருசா பேச மாட்டாங்க. "ஏ வாத்து, வரப்ப ஒடைக்காம ஓட்டு"ம்பாங்க. "முட்டை இருக்கா"ம்பாங்க. அவ்வளவுதான். சில நாளு சாயங்காலம் சோறு கொதிக்கிறப்போ ஏதோ சொல்லணும்னு வாயத் தொறப்பா. சத்தமே வராது. காலையிலேருந்து பேசாத தொண்டை, கம்மிப் போயி கெடக்கும். செருமிட்டு, பக்கத்துல நிக்கிற வாத்தப் பாத்து, "என்ன, நீயும் ஒண்ணும் பேச மாட்டியா"ன்னு கேப்பா.

ம். அப்புறம்?

அப்புறம் ஒரு ஐப்பசி மாசம். குறுவை அறுத்த வயல்ல மேச்சல் நல்லா இருக்குன்னு கடற்கரைக்குப் பக்கத்துல ஒரு ஊருக்கு வந்து கெட போட்டிருந்தா. ஒரு நாள் மத்தியானம் ஒரு ஆட்டோ வந்துச்சு, மேல மைக்கு கட்டிக்கிட்டு. "புயல் வருது, புயல் வருது. தாழ்வா இருக்குற வீட்டுக்காரங்க, கூரை வீட்டுக்காரங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க." கொர்ருன்னு சொல்லிக்கிட்டே போயிடுச்சு.

கெங்கம்மா நிமிந்து பாத்தா. வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்துச்சு. காத்தே இல்ல. ஒரு காக்கா குருவி இல்ல. வாத்தெல்லாம் மேயாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுச்சு. வலைய சுருட்டுனா, சட்டிபானைய மூட்டையா கட்டுனா, கம்ப எடுத்தா. "பா... பா... பா... கெளம்புங்க."

முந்நூறு வாத்தும் தெருவுக்குள்ள நொழஞ்சுது. தெரு முழுக்க வாத்து! சைக்கிள்ல வந்தவரு எறங்கி ஓரமா நின்னுட்டாரு. நாய் கூட கொலைக்க மறந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு.

ஹி ஹி.

சிரிக்கிறியா? அவளுக்கு சிரிப்பு வரல தங்கம். நேரா பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனா. அங்க ஒருத்தர் நோட்டுல பேரு எழுதிக்கிட்டிருந்தாரு.

"பேரு சொல்லும்மா."

"கெங்கம்மா. பின்னால சைக்கிள் கொட்டாய்ல வாத்த விட்டுக்கட்டுமாய்யா?"

அவரு கண்ணாடிக்கு மேல எட்டிப் பாத்தாரு. "வாத்தா? இங்க மனுசங்களுக்கே எடம் பத்தல. கொட்டாய்ல ஜெனரேட்டர் நிக்குது. நீ மட்டும் உள்ள வா. உசுருதானம்மா முக்கியம்?"

"அதுங்ககிட்ட இருக்குறதும் உசுருதானேய்யா."

அவரு நல்லவருதான். ஆனா அவரு என்ன பண்ணுவாரு? தலைய சொறிஞ்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

அப்புறம் அரவை மில்லுக்குப் போனா. மில்லுக்காரம்மா வாசல்லயே மறிச்சுட்டாங்க. "உள்ள நெல்லு மலையா குமிஞ்சு கெடக்கு. வாத்து நொழஞ்சா ஒரு மணி மிஞ்சாது, போ போ"ன்னாங்க. கெங்கம்மா திரும்புனா. "இரு"ன்னாங்க. உள்ள போயி கருக்காயும் பதருமா, சரியா முத்தாத நெல்லு, அர மூட்டை தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. "அதுங்களுக்குப் போடு." கதவ சாத்திக்கிட்டாங்க.

தலையில சட்டிபானை மூட்டை, அதுக்கு மேல கருக்கா மூட்டை. எங்க போறதுன்னு தெரியாம ரோட்டுல நின்னா. அப்போ எதிர்ல ஒருத்தரு சைக்கிள தள்ளிக்கிட்டு வந்தாரு. பேரு சடையன். அந்த ஊரு சுடுகாட்ட பாத்துக்குறவரு.

"ஏம்மா, எடம் தேடுறியா? சுடுகாட்டு மேட்டுல ஒரு கட்டடம் இருக்கு. மழை வந்தா ஆளுங்க ஒதுங்குறதுக்குன்னு கட்டுனது. மூணு பக்கம் செவுரு, மேல தளம் போட்டிருக்கு. ஒரு பக்கம் தொறப்புதான். பூட்டு கெடையாது. யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

பேய் இருக்குமா?

கெங்கம்மாவும் அதத்தான் கேட்டா. சடையன் சிரிச்சுட்டாரு. "இருவது வருசமா நான் பக்கத்துக் குடிசையிலதான் தூங்குறேன். கொசுதான் இருக்கு."

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களாண்ணே?"

"இல்லம்மா. அங்க போனா நம்மள கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லுவாங்க. எதுக்கு? எங்க அக்கா வீடு கீழூர்ல இருக்கு, ஆத்து ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம். அங்க போறேன்." சைக்கிள தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

அப்போ இவ வாத்த ஓட்டிக்கிட்டு அந்த மேட்டுக்குப் போனா. சொன்ன மாதிரியே இருந்துச்சு. முந்நூறையும் உள்ள விட்டா. தொறந்த பக்கம் வலைய இழுத்து ரெண்டு தூணுலயும் கட்டுனா. அதுக்கு மேல தார்ப்பாய கட்டுனா. கருக்காய்ல நாலு படி தூவுனா. டகடகடகன்னு கொத்தித் தின்னுச்சு. அவ ஒரு மூலையில ஒக்காந்து, காலையில வடிச்ச சோறு கொஞ்சம் தின்னா. லோகுவுக்குப் போன் போட்டா. போகல.

ம்...

காத்து ராத்திரியே வந்துடும்னு சொன்னாங்க. வரல. விடிஞ்சதுக்கப்புறம்தான் வந்துச்சு. மொதல்ல ஊஊஊன்னு தூரத்துல யாரோ அழுவுற மாதிரி. அப்புறம் கிட்ட. அப்புறம் கட்டடத்துக்கு மேலயே. வடக்கேருந்து அடிச்சுது. நல்ல வேளை, வடக்கால செவுரு. மரமெல்லாம் மடமடன்னு சாயுது. சடையன் குடிசையோட கூரை அப்படியே எழும்பி, கோழி பறக்குற மாதிரி பறந்து போச்சு. கெங்கம்மா செவுத்துல முதுக வச்சு ஒக்காந்துட்டா. வாத்தெல்லாம் அவள சுத்தி ஒக்காந்துச்சு. மடியில மூணு. ஒண்ணும் கத்தல. எல்லாம் அவ மொகத்தையே பாத்துச்சு.

மத்தியானம் போல டக்குன்னு நின்னுடுச்சு. ஒரு எல அசையல. லேசா வெளிச்சம் கூட வந்துச்சு. 'போயிடுச்சுடி'ன்னு வாத்துகிட்ட சொன்னா. தார்ப்பாய வெலக்கி எட்டிப் பாத்தா.

அது போகல தங்கம். புயலுக்கு நடுவுல ஒரு கண்ணு இருக்குமாம். அந்தக் கண்ணுதான் கடந்து போச்சு. அப்புறம் மறுபடியும் வந்துது பாரு, இந்த வாட்டி தெக்கேருந்து! தொறந்த பக்கம்! தார்ப்பாய் பட்டுன்னு கிழிஞ்சு போச்சு. மழை ஊசி ஊசியா உள்ள அடிச்சுது. வாத்தெல்லாம் பயந்து போயி, முந்நூறும் ஒரே மூலைக்குப் பாஞ்சுது. ஒண்ணு மேல ஒண்ணு, அது மேல ஒண்ணு. அப்படி ஏறுனா என்ன ஆகும் தெரியுமா? அடியில இருக்குறது மூச்சு முட்டிடும். வாத்துக்காரங்களுக்கு காத்த விட அந்த மூலைதான் பயம்.

ம்!

கெங்கம்மா அந்தக் குவியலுக்குள்ள விழுந்தா. ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி இந்தப் பக்கம் போட்டா. போட்டது மறுபடி ஓடி வரும். மறுபடி அள்ளுவா. "பா, பா, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன், நான் இருக்கேன்." கடைசியா அந்த மூலையிலேயே கால நீட்டி குறுக்கால படுத்துக்கிட்டா. அவ மேல ஏறுனுச்சு, மிதிச்சுது, நகத்தால கீறுச்சு. அவ எழுந்திரிக்கல. காத்து அடங்குற வரைக்கும் அப்படியே கெடந்தா. அப்புறம் பாத்தா, அடியில மூணு வாத்து கழுத்து தொங்கிக் கெடந்துச்சு. மூணையும் ஓரமா எடுத்து வச்சா. மத்ததெல்லாம் பொழச்சுக்கிச்சு.

பாவம்.

பாவம்தான். ஆனா அதோட விட்டுச்சா? சாயங்காலம் மேக்கால குபுகுபுன்னு ஒரு சத்தம். ஆத்துக் கரை ஒடஞ்சிடுச்சு. தண்ணி வயலெல்லாம் மூடி, பாதைய மூடி, மேட்ட சுத்தி வந்து நின்னுச்சு. சேத்துத் தண்ணி, சொழிச்சுக்கிட்டு ஓடுது. கட்டடத்துப் படிக்கட்டு நாலுல மூணு முழுகிப் போச்சு.

வாத்துக்குத்தான் நீந்தத் தெரியுமே?

ஆ, நல்லா கேட்ட. தெரியும். கொளத்துல நீந்தும், வாய்க்கால்ல நீந்தும். வெள்ளம் கொளம் இல்லியே? இழுத்துக்கிட்டுப் போயி முள்ளுல அடிக்கும், கடலுக்கே தள்ளிடும். ஆனா வாத்துக்கு அது தெரியுமா? தண்ணின்னா தண்ணிதான். ரெண்டு நாளா அடைஞ்சு கெடந்ததுங்க வேற. வலை ஒரு ஓரமா காத்துல பிஞ்சிருந்துச்சு. கெங்கம்மா கவனிக்கல. ஒரு வாத்து அது வழியா தலைய விட்டுச்சு. அப்புறம் ஒடம்ப விட்டுச்சு. தொபுக்! பின்னாலயே இன்னொண்ணு. தொபுக்! தொபுக்! தொபுக்! இவ திரும்பிப் பாக்குறதுக்குள்ள நாப்பது வாத்து தண்ணியில. ரெக்கைய அடிச்சுக்கிட்டு, தலைய முக்கிக்கிட்டு, சந்தோசமா குளிக்குதுங்க. அப்போ வெள்ளத்தோட ஓட்டம் அதுங்களப் பிடிச்சுது. மெல்ல ஒரு பக்கமா நவுந்துச்சு. அப்புறம் வேகமா.

"பா... பா... பா..." கத்திக்கிட்டே இவ படியில எறங்கிட்டா. முழங்கால், தொடை, இடுப்பு. அதுங்க திரும்பப் பாக்குதுங்க, காலால ஒதைக்குதுங்க, முடியல. இவ இன்னொரு அடி வச்சா. அப்போ பின்னால சளக்குன்னு ஒரு சத்தம்.

என்ன?

திரும்பிப் பாத்தா, மிச்சம் இருக்குற வாத்தெல்லாம் அவ பின்னாலயே வரிசையா எறங்குது. ஏன்? அவதானே கூப்பிட்டா! பா பா பான்னு கூப்பிட்டா அவகிட்ட வரணும். அப்படித்தான பழக்கி வச்சிருக்கா? அவ தண்ணியில நின்னு கூப்பிட்டா அதுங்களும் தண்ணிக்குத்தான வரும்? இன்னும் ரெண்டு வாட்டி கூப்பிட்டா எரநூத்தம்பதும் வெள்ளத்துல.

கெங்கம்மா வாயப் பொத்திக்கிட்டா. ரெண்டு கையாலயும் இறுக்கி. கொரலு தொண்டையில முட்டுது, விடல. அப்படியே பின்னாலயே நடந்து படியேறி, மத்ததையெல்லாம் உள்ள தள்ளி, பிஞ்ச எடத்துல தன் மாத்துப் புடவைய வச்சு அடைச்சு கட்டுனா. கட்டிட்டுத் திரும்பிப் பாத்தா. அந்த நாப்பதும் தூரத்துல, பழுப்புப் பழுப்பா, புள்ளி மாதிரி. அதுங்க இன்னும் இவ பக்கம் பாத்துக்கிட்டேதான் போச்சு. கூப்பிடுவான்னு நெனச்சிருக்கும்.

...ம்.

அழுவாத. கேளு. அவளும் அப்போ அழுவல. அழுவுறதுக்கு நேரம் வேணும்ல?

அதுக்கப்புறம் வந்ததுதான் பெரிய கஷ்டம். பசி. மறுநா தண்ணி அப்படியேதான் நின்னுச்சு. கருக்கா மூட்டைய தொறந்தா, அடியில நனஞ்சு போயிருக்கு. இருக்குறத பிரிச்சு காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு போட்டா. அத்தோட தீந்துச்சு. அதுக்கு மறுநா எழுந்தா, வாத்தெல்லாம் அவ கால் வெரல கொத்துது. புடவை ஓரத்த கொத்துது. செவுத்துல சுண்ணாம்ப கொத்துது. அவ சமையலுக்கு வச்சிருந்த அரிசி ரெண்டு படி இருந்துச்சு. ஒரு பிடி தனக்குன்னு முடிஞ்சு வச்சுட்டு மத்தத தூவுனா. கொஞ்ச நேரம் ஒக்காந்து அதுங்களப் பாத்தா. அப்புறம் அந்த ஒரு பிடியையும் அவுத்துத் தூவிட்டா.

தூரத்துல பள்ளிக்கூடத்துப் பக்கம் மைக்கு சத்தம் கேட்டுச்சு. சாப்பாடு பொட்டலம் குடுக்குறாங்க போலருக்கு. யாரு பேரோ வரிசையா கூப்பிடுறாங்க. "நான் இங்க இருக்கேன்!"னு ஒரு வாட்டி கத்திப் பாத்தா. கத்துன சத்தம் தண்ணி மேல கொஞ்ச தூரம் போயி கரைஞ்சு போச்சு. இவ இங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச ஒரே ஆளு சடையன். அவரும் ஆத்துக்குக் கீழ. போன் செத்துக் கெடந்துச்சு. 'நான் இங்க செத்துப் போனாக்கூட, சுடுகாட்டுக்கு யாரோ கொண்டாந்து போட்ட மாதிரிதான் இருக்கும்'னு நெனச்சா. நெனச்சதும் அவளுக்கே சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா. அப்பத்தான் அந்த நாப்பதுக்காவும் சேத்து அழுதா.

ம்...

அப்போ தண்ணியில என்னமோ மெதந்து வந்து படியில முட்டுச்சு. டொக்! வாழ மரம். காத்துல சாஞ்ச வாழத் தோப்பு, மரம் மரமா மெதந்து வருது. கெங்கம்மா கண்ணத் தொடச்சுட்டு எறங்கி ஒண்ண இழுத்தா. வழுக்குச்சு. மறுபடி இழுத்தா. மேல போட்டு, மட்டைய உரிச்சு, உள்ள வெள்ளையா இருக்குற தண்ட அருவாளால சின்னச் சின்னதா நறுக்குனா. சரக் சரக் சரக். ஒரு பிடி தூவுனா. ஒரு வாத்து மோந்து பாத்துச்சு. கொத்துச்சு. அப்புறம் எல்லாம் கொத்துச்சு. செவுரு ஓரமா வெள்ளத்துக்குப் பயந்து நத்தைங்க ஏறியிருந்துச்சு. அதெல்லாம் பொறுக்கி கல்லால நசுக்கிப் போட்டா. மண்ணக் கெளறி புழு எடுத்துப் போட்டா. பொழுதன்னைக்கும் இதே வேல. கையெல்லாம் வாழக்கறை, கருப்பா. அவளும் தண்டத்தான் தின்னா. இருட்டுறதுக்குள்ள அஞ்சு மரம் தீந்துச்சு. ஆனா எரநூத்தி அம்பத்தி ஏழும் கழுத்த உள்ள வச்சுக்கிட்டு தூங்குச்சு.

மறுநா காலையில தண்ணி கொஞ்சம் வடிஞ்சிருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில ஒரு ஆளு வராரு. தலையில ஒரு தூக்குவாளி. யாரு?

சடையன்!

சடையனேதான். "அட, நீ இருக்கியாம்மா!"ன்னாரு. அவருக்கு மூச்சு வாங்குச்சு. "எங்க அக்காகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், ஒரு பொம்பளைய அங்க போகச் சொல்லிட்டு வந்துட்டேனே, என்ன ஆச்சோன்னு." தூக்குல கஞ்சி. கெங்கம்மா வாங்கி நின்னுக்கிட்டே குடிச்சா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு தன் கூரை இல்லாத குடிசையப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"அண்ணே, நாப்பது வாத்து போயிடுச்சு."

"ஆத்து ஓட்டத்துலயா?"

"ஆமாண்ணே."

"அப்படின்னா... எங்க அக்கா தெருவுல கடைசி வீடு, மலர்க்கொடின்னு ஒரு பொண்ணு. அவ வீட்டுக்குள்ள வாத்து சத்தம் கேக்குதுன்னு நேத்து பேசிக்கிட்டாங்க. இவளுக்கு ஏது வாத்துன்னு."

கெங்கம்மா தூக்குவாளிய கீழ வச்சுட்டா. "அண்ணே, இதுங்கள கொஞ்சம் பாத்துக்குறீங்களா?"

"நானா? எரிக்கத்தான்மா எனக்குத் தெரியும். மேய்க்கல்லாம் தெரியாது."

"மேய்க்க வேணாம். மூலைக்கு ஓடாம பாத்துக்கிட்டா போதும்."

அப்புறம் அவ தண்ணியில எறங்கி நடந்தா. இடுப்புத் தண்ணி முழங்கால் தண்ணி ஆச்சு, முழங்கால் சேறு ஆச்சு. வழியெல்லாம் முள்ளுல மாட்டுன வாத்துங்க. அவளோடதுதான். ஒவ்வொண்ணா எடுத்து மேட்டுல வச்சுட்டு நடந்தா. அதுக்கு மேல எண்ணல.

கீழூர் கடைசி வீடு, காங்கிரீட் வீடு, ஒசரமா கட்டுனது. செவுத்துல இடுப்பு ஒசரத்துக்குத் தண்ணி நின்ன கோடு. கதவு சாத்தியிருந்துச்சு. கெங்கம்மா வாசல்ல நின்னா. தட்டலாமா வேணாமான்னு நின்னா. அப்புறம் மெதுவா, "பா... பா... பா..."ன்னா.

அவ்வளவுதான்! வீட்டுக்குள்ள பக்பக்பக்பக்குன்னு ஒரே ரகளை. பாத்திரம் உருளுற சத்தம். கதவு தொறந்துச்சு. சின்ன வயசுப் பொண்ணு, மாசமா இருக்கா, வயிறு முன்னால தள்ளியிருக்கு. அவள இடிச்சுத் தள்ளிக்கிட்டு வாத்தெல்லாம் வெளிய வந்து கெங்கம்மா கால சுத்திக்கிச்சு. பத்தொம்பது.

"உங்களோடதாக்கா?"ன்னா அந்தப் பொண்ணு, மலர்க்கொடி. "தண்ணி ஏறுறப்போ வாசல் வழியா அதுங்களே மெதந்து வந்துச்சுக்கா. நான் கட்டில் மேல ஒக்காந்திருந்தேன். வந்து கட்டில் மேல ஏறிக்கிச்சு. தொரத்த மனசு வரல. ரேசன் அரிசி பரண்ல இருந்துச்சு, அதப் போட்டேன்."

"வீட்டுல யாரும் இல்லியாம்மா?"

"அவரு சிங்கப்பூர்ல. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டாங்க, வயித்தோட அந்தக் கூட்டத்துல போவ பயமா இருந்துச்சு. மூணு நாளா இதுங்ககிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன்." சொல்லிட்டு, "லூசுன்னு நெனைக்காதீங்க"ன்னா.

"அதெல்லாம் நெனைக்க மாட்டேன்"னா கெங்கம்மா.

ரெண்டு பேரும் ஈர வாசப்படியில ஒக்காந்தாங்க. மலர்க்கொடி டீ போட்டுக் குடுத்தா, பால் இல்லாத டீ. ஒரு முட்டைய எடுத்துக்கிட்டு வந்தா. "கட்டில் மேல போட்டுச்சு. யாரோடதோன்னு திங்கல."

"உனக்குத்தான். வேக வச்சு சாப்பிடு. வயித்துப் புள்ளைக்கு நல்லது."

"இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போங்கக்கா."

"அங்க ஒரு மனுசன் எரநூத்தம்பது வாத்துக்கு நடுவுல முழிச்சுக்கிட்டு நிப்பாரும்மா. போவணும்."

"அப்புறம் இந்தப் பக்கம் வருவீங்களா? எங்க வயலு வாய்க்காலுக்கு அந்தாண்டதான். தையில அறுத்துடுவாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வரேன்."

கெங்கம்மா எழுந்தா. பத்தொம்பதும் முன்னால, அவ பின்னால. சேத்துல சளக் சளக்குன்னு நடந்தா. தெரு முக்குல திரும்பிப் பாத்தா. மலர்க்கொடி வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தா. அப்பவும் நின்னா. சரி, இப்ப உள்ள போயிருப்பான்னு சாஞ்ச தென்னமரத்துக்கிட்ட போயி இன்னொரு வாட்டி திரும்பிப் பாத்தா. தூரத்துல சின்னதா, இடுப்புல ஒரு கைய வச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணு இன்னும் பாத்துக்கிட்டேதான் நிக்கிறா.

கெங்கம்மா எத்தன ஊர்லேருந்து கெளம்பியிருப்பா? ஒரு ஊர்லயும் ஒரு ஆளும் அப்படி நின்னதில்ல. அவ கைய ஒசத்திக் காட்டுனா. அங்கேருந்தும் ஒரு கை ஒசந்துச்சு. அப்புறம் அவ திரும்பி, வாத்துக்குப் பின்னால நடக்க ஆரம்பிச்சா.

...

ம் காணோமே? தூங்கிட்டியா தங்கம்?

சரி. வாத்து கெட சேந்துடுச்சு, கதையும் கெட சேந்துடுச்சு. நீயும் கண்ண மூடி ஒடுங்கிக்க. விடிஞ்சாப் பாத்துக்கலாம்.